பிழையறிக்கை எண் 212

ஆரே ஆற்றுப் புகார் பத்தொன்பது நாளாக
விண்டிஷை விட்டு எழும்பவில்லை.
பெயரில் மட்டும் விண் வைத்திருக்கும் ஊர்.
காலை ஏழு மணி, தெருவிளக்கு அணையாத நேரம்,
சூரியனைப் பார்க்கப் போகிற கருவிக்கு
யன்னல் இல்லாத அறையில்
நான் தூசி எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதுதான் என் வேலை.
ஒரு கனமீற்றர் காற்றில் எத்தனை துகள்,
மணிக்கொரு தடவை எழுத வேண்டும்.
வாசனைத் தைலம் கூடாது. கைக்குக் கிறீம் கூடாது.
வெள்ளிக்கிழமை என்றாலும் திருநீறு கூடாது.
வெள்ளை அங்கிக்குள் கண் மட்டும் மிஞ்சும்;
பெயாற்றும் நானும் ஒருவரையொருவர்
நடையை வைத்துத்தான் அறிவோம்.

அன்று மாலை அங்கியைக் கழற்றி
முகம் கழுவக் குனிந்து நிமிர்ந்தால்
நெற்றியில் பொட்டு இல்லை.

மெரூன் நிறம். ஐந்து மில்லிமீற்றர். வெல்வெட். பசை உள்ளது.
காலையில் மறந்துபோய் அதோடே உள்ளே போனேனா,
அல்லது ஒட்டவே இல்லையா?
அட்டையில் பதின்மூன்று இருந்தது.
நேற்று எத்தனை இருந்தது?
துகள் எண்ணுகிறவள் பொட்டை எண்ணி வைக்கவில்லை.

காலுறை, தலைமூடி, குப்பைப் பை
எல்லாம் உதறினேன்.
ஊதா விளக்கைப் பிடித்தபடி முழங்காலில் ஊர்ந்தேன்.
மறுநாள் மூடியை முடுக்கினார்கள்,
பதினாறு திருகாணி.
ஒவ்வொன்றும் இறுகும்போது
என் வாய் திறந்து மூடியது,
முகமூடிக்குள்.

மூன்று வருடம்.

முதல் படம் ஞாயிற்றுக்கிழமை வந்தது.
ஞாயிறு ஞாயிறன்றே வந்தது என்று சொல்லிச் சிரிக்க
அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்தவர் இல்லை.
கருவி அப்போது சூரியனுக்கு அந்தப் பக்கம்.
பூமியில் எந்தக் கண்ணும் காணாத முகத்தை
அது மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.
ஒத்துப் பார்க்க வேறு சாட்சி இல்லை.

மஞ்சள் வட்டம். நடுவுக்குச் சற்று மேலே
ஒரு கறுப்புப் புள்ளி.

"ஃபுசல்" என்றாள் ரெகுலா. துணிநார்.
எல்லோரும் அறைக்குள் போய்வந்தவர்களை
மனதுக்குள் எண்ணத் தொடங்கினார்கள்.
பொட்டு முழுதாய் வேண்டாம்,
அதன் ஓரத்து இழை ஒன்று போதும்.

அன்றிரவு படிவத்தைத் திறந்தேன்.
எப்போது, எங்கே, யார்: நிரப்பினேன்.
என்ன பொருள் என்ற இடத்தில் கை நின்றது.
பொட்டுக்கு ஜேர்மன் மொழியில் என்ன?
"அலங்காரம்" என்று எழுதி அழித்தேன்.
"ஒட்டும் துணிவட்டம், ஒன்று, என்னுடையது."
மெய்யெழுத்துக்குத் தலையில் ஒரு புள்ளி வேண்டும்.
நான் எழுதியது மெய்.
புள்ளி எட்டாத தூரத்தில், கறுப்பாய், ஏற்கெனவே இருந்தது.

பெயாற் வாசித்தான். மீண்டும் வாசித்தான்.
"மூன்று வருடமாகவா?"
"ஓம்."
கோப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

திங்கட்கிழமை படம் இல்லை.
அன்றைய அலைவாங்கி நேரம் வேறொரு விண்கலத்துக்கு.
எட்டுப் பேர் எனக்குக் காலை வணக்கம் சொன்னார்கள்,
சற்றே அதிகப்படியான மரியாதையோடு.

செவ்வாய் காலை பத்தே கால்.
ரெகுலா பிளாஸ்ரிக் அடிமட்டத்தைத்
திரையின்மேல் வைத்து அளந்தாள்,
நம்பாமல் மறுபடி அளந்தாள்.
இரண்டு விரல் அகலம் தள்ளியிருந்தது.

ஒட்டியது நகராது.
சூரியன் சுழல்கிறது; தன் கறுப்பைத் தானே சுமந்துகொண்டு.
புள்ளியைச் சுற்றி மங்கலாய் ஒரு விளிம்பு,
பக்கத்தில் புதிதாய்க் குட்டி ஒன்று.
பொட்டு குட்டி போடாது.
பூமியைப் போட்டாலும் நிரம்பாத இடம் அது,
அதை என் நெற்றிக்குச் சொந்தம் என்று
இரண்டு இரவு நினைத்திருந்தேன்.

பதிந்த அறிக்கையை அழிக்க முடியாது, மூடத்தான் முடியும்.
காரணம்: "சூரியன்" என்று எழுதிப்
பெயாற் கையொப்பம் வைத்தான்.
திருத்த நடவடிக்கை: தேவையில்லை.
என் பக்கம் நீட்டினான். அடியில் இன்னும் ஒரு கட்டம்.
பொருள் கண்டெடுக்கப்பட்டதா?

இல்லை, என்று எழுதினேன்.